தீவுகளில் விலங்குகளைப் பூண்டோடு ஒழிப்பது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில், மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுப்பவள். விலங்கியல் படித்தவளில்லை. ஒருநாள் பாடத்தில் "மாடு" என்ற சொல் வந்தது. அதை விளக்கப்போய் ஆம்ஸ்டர்டாம் தீவு மாடுகளின் கதையைச் சொல்லி, அந்த மந்தையைக் கொன்று தீர்த்தது தப்பு என்றும் சொல்லிவிட்டேன். அன்று தொடங்கியது. வகுப்பு முடிந்து, வாட்ஸாப்பில், கோயிலில் ஏழு கறிக்குக் காய் நறுக்கும்போதுகூட, இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அக்கா, பூண்டோடு ஒழிக்கிறதுன்னா என்ன? எலிப்பொறி வைக்கிற மாதிரிதானே?

இல்லை. பொறி வைப்பது கட்டுப்படுத்துவது. பத்தைப் பிடித்தால் பின்னாலேயே இருபது பிறக்கும், வேலை ஓயாது. பூண்டோடு ஒழிப்பது என்றால் அந்தத் தீவில் அந்த இனத்தின் கடைசி உயிர் வரை போக வேண்டும். ஒரு சினை எலி தப்பினாலும் போட்ட பணம் கடலில் கொட்டியதுதான். அதனால்தான் ஹெலிகாப்டரில் பெரிய வாளி ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு முழம் இடம் விடாமல் விஷத் தீனி தூவுகிறார்கள். பெரிய விலங்கென்றால் துப்பாக்கி, கண்ணி, வேட்டைநாய்.

நான் இங்கே பேசுவது காடேறிய விலங்குகளைப் பற்றி. மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்து, வேண்டுமென்றோ மூட்டைக்குள் இருப்பது தெரியாமலோ, இறக்கிவிட்டுப் போன ஆடு, மாடு, முயல், பூனை, எலி.

எலிக்குப் போய் வக்காலத்தா?

சிரிக்காதீர்கள். நானும் கடையில் நீலக் கட்டி வாங்கி அடுப்படியில் வைத்தவள்தான். வைத்த நாலாம் நாள், நட்டநடுப் பகலில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு எலி மெல்ல நடந்து வந்தது. ஓடவில்லை. துடைப்பத்தோடு நிற்கிற என்னைப் பார்த்தும் ஒதுங்கவில்லை. மூக்கில் ரத்தம், வயிறு தரையில் இழுபடுகிறது. தண்ணீர் சிந்தி ஈரமாயிருந்த இடத்தில் வாயை வைத்தபடி அரைமணி நேரம் கிடந்து செத்தது.

அந்தக் கட்டியில் இருந்தது புரோடிஃபகூம். வைட்டமின் கே உடம்பில் மறுபடி பயன்படாமல் தடுத்து, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. உள்ளுக்குள்ளேயே கசிந்து சாகச் சில நாள் பிடிக்கும். தீவுகளில் டன் கணக்கில் தூவுவதும் பெரும்பாலும் இதைத்தான். எலியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. "அகற்றப்பட்டன" என்று அறிக்கையில் ஒற்றைச் சொல்லாக எழுதும்போது அந்த அரைமணி நேரம் காணாமல் போய்விடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் நம்ம ஊர்ல எங்கே நடந்தது? வெளிநாட்டுக் கதையாத்தானே இருக்கு?

நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. வடக்கே 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரவுண்ட் தீவில் (கிரியோலில் இல் ரோன்) பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஆடும் முயலும் விட்டார்கள். அவை பச்சை என்று ஒன்று விடாமல் மேய்ந்தன, மண் கடலுக்குள் சரிந்தது. 1979-க்குள் ஆடுகளை ஒழித்தார்கள். 1986-ல் நியூசிலாந்திலிருந்து வந்த டான் மெர்ட்டன் தலைமையில் முயல்களை விஷம் வைத்து முடித்தார்கள். மஹேபூர் பக்கம் இருக்கிற இல் ஓ எக்ரெத்தில் எலியும் பூனையும் போயின. படகில் பிக்னிக் போகிறோமே, அந்த இல் பிளாட்டிலும் 1990-களில் எலி, சுண்டெலி, பூனை மூன்றையும் ஒழித்தார்கள்.

ரவுண்ட் தீவுல பாம்பு, அரணை எல்லாம் பிழைச்சுதே. வெற்றியைப் பார்த்துட்டும் ஏன் எதிர்க்கிறீங்க?

பிழைத்தன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு போவா பாம்பு இன்றும் அங்கே இருப்பதற்கு அந்த வேலைதான் காரணம், அதை மறைக்கப் போவதில்லை. இன்னொரு போவா, மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்தது, 1975-க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. மண்ணே போனபின் அது எங்கே புதையும்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேய்கிற வாய் இல்லாமல் போனதும் வெளியிலிருந்து வந்த களைகளுக்குக் கொண்டாட்டம். என்ன செய்தார்கள் தெரியுமா? 2007-ல் செஷல்ஸின் அல்டாப்ரா தீவு ராட்சத ஆமைகளையும் மடகாஸ்கரின் நட்சத்திரக் கோடு போட்ட ஆமைகளையும் கொண்டுவந்து விட்டார்கள், மேய்வதற்கு. மொரீஷியஸின் சொந்த ஆமைகளை நம் முன்னோடிகள் தின்று தீர்த்துவிட்டதால் அவற்றின் இடத்தில் இவை. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது: வெளியூர் விலங்கு என்பதே குற்றமில்லை. எது இருக்கலாம், எது சாகலாம் என்பதை நாம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறோம். "தீவின் பழைய நிலை" என்பதுகூட நாம் குறித்துக்கொள்கிற தேதிதான். டச்சுக்காரர் இறங்கிய 1598-க்கு முந்திய நாளா, ஆடு இறங்குவதற்கு முந்திய நாளா? தேர்வு நம்முடையது என்றால் கொலையும் நம்முடையது. அதை இயற்கையின் தலையில் கட்டாதீர்கள். கொல்லத்தான் வேண்டும் என்று சொல்பவரே ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். வேண்டாம் என்கிறவரிடம் ஆதாரம் கேட்பது தலைகீழ். என் எதிர்ப்பு முழுக்க இவ்வளவுதான்.

அந்த ஆம்ஸ்டர்டாம் மாட்டுக் கதையைத் திரும்பச் சொல்லுங்க டீச்சர்.

1871-ல் ரெயூனியனிலிருந்து உர்த்தேன் என்ற விவசாயி, குடும்பத்தோடும் சில வேலையாட்களோடும், இந்தியப் பெருங்கடலின் தெற்கே இருக்கும் ஆம்ஸ்டர்டாம் தீவுக்குப் போனார். ரெயூனியனிலிருந்து கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர். குளிர், காற்று, ஓடை என்று ஒன்று கிடையாது. சில மாதத்தில் கையை விரித்துவிட்டுத் திரும்பினார். கொண்டுபோன ஐந்து மாடுகளை அங்கேயே விட்டுவிட்டார்.

ஐந்து மாடு! கொட்டகை இல்லை, தவிடு இல்லை, மடியில் கைவைக்க ஆளில்லை. 1980-களின் கடைசியில் எண்ணினால் ஏறக்குறைய 2,000. விஞ்ஞானிகள் முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரிகளின் மரபணுவைப் படித்து 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. முக்கால்வாசி ஐரோப்பிய வம்சம், ஜெர்சி மாட்டுக்கு நெருக்கம். கால்வாசி இந்தியப் பெருங்கடல் பக்கத்துத் திமில் மாடு. அவ்வளவு சின்ன மந்தையிலிருந்து, சொந்தத்துக்குள்ளேயே ஈன்று ஈன்று, எப்படித் தாக்குப்பிடித்தன என்பது பண்ணை மாடு வளர்ப்பவர்களுக்கே பெரிய பாடம். ஆனால் ஆய்வு வந்தபோது படிக்க மாடு இல்லை. 2010-ல் கடைசி மாட்டையும் கொன்று முடித்திருந்தார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், நடுவில் ஒரு நல்ல வழி நடந்துகொண்டிருந்தது. 1980-களின் கடைசியில் தீவுக்குக் குறுக்கே வேலி போட்டார்கள். ஒரு பக்கம் மாடுகளை நீக்கி, அங்கே மட்டுமே முட்டையிடும் ஆம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ் என்ற கடற்பறவைக்கும் ஃபிலிக்கா மரங்களுக்கும் இடம் விட்டார்கள். மறுபக்கம் மந்தை இருந்தது. இருபது வருஷம் அப்படி ஓடியது. வேலியைப் பார்த்துக்கொள்வது செலவு, தொல்லை, உண்மைதான். ஆனால் வேலியைப் பழுதுபார்ப்பதைவிட மந்தையை இல்லாமலாக்குவது சுலபம் என்று முடிவெடுத்தவர்களை, மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிற வீட்டில் பிறந்த நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்? இது வெறும் பக்திப் பேச்சு என்று சிலர் சொன்னார்கள். மரபணுவும் பக்தியா?

பூனையைக் கொன்னா பறவை பிழைக்கும். இதுல என்ன சந்தேகம்?

மரியன் தீவைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான தீவு, அன்டார்க்டிகா போகிற வழியில். சீல் வேட்டைக்காரர்களின் கப்பலில் சுண்டெலி வந்தது. வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லை என்று 1940-களின் கடைசியில் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் ஐந்து, கவனியுங்கள். 1977-ல் அவை சுமார் 3,400. ஆண்டுக்கு நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றதாகக் கணக்கு. பூனைக்காய்ச்சல் வைரஸைக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள், அப்புறம் இரவில் துப்பாக்கி, பொறி, விஷம். 1991-ல் கடைசிப் பூனை போனது. பறவைகள் கொஞ்சம் மூச்சுவிட்டன, சரி. ஆனால் சுண்டெலிகள் பெருகின (தீவு வெப்பமாகி வருவதும் அதற்குக் காரணம்). 2000-களிலிருந்து அவை கூட்டில் இருக்கிற அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கொறிக்கின்றன. இப்போது 600 டன் விஷத் தீனியோடு ஹெலிகாப்டர் போகத் திட்டம். ஆண்டு மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவிலும் 2000-த்தில் கடைசிப் பூனையைக் கொன்றார்கள், பிறகு முயல்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையடித்தன. முயலுக்கென்று பரப்பிய மிக்ஸோமா வைரஸ் வீரியம் குறைந்ததும் ஒரு காரணம். கடைசியில் முயல், எலி, சுண்டெலி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு. ஒரு கொலை அடுத்த கொலைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது.

அப்போ அல்பட்ராஸ் குஞ்சை எலி உயிரோட தின்னட்டும்னு விட்டுடணுமா?

என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். குஞ்சின் தலைத்தோல் உரிந்து, அது எழுந்து ஓடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குத் தரையில் ஊர்ந்து வரும் எதிரி என்று ஒன்று பல நூற்றாண்டாக இருந்ததில்லை, அதற்குப் பயப்படவே கற்றுக்கொள்ளவில்லை. இதைப் பார்த்துவிட்டு எலியின் உயிர்தான் பெரிது என்று சொல்ல என் வாய் எழும்பாது.

ஆனாலும் இரண்டு விஷயம். ஒன்று, தூவினால் முடிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிரிட்டனுக்குச் சொந்தமான கஃப் தீவில் 2021-ல் இதே மாதிரி தூவினார்கள், அதே டிசம்பரில் கேமராவில் சுண்டெலி சிக்கியது. லட்சக்கணக்கில் செத்ததும் வீண், குஞ்சுக்கும் நிரந்தர விடிவில்லை. இரண்டு, மரியன் போன்ற இடத்தில் தூவுகிறவர்களை நான் பாவிகள் என்று சொல்லமாட்டேன். வேறு வழியில்லாத இடம் என்று அவர்கள் நிரூபித்தால் வாயை மூடிக்கொள்வேன். அந்த ஒரு தீவைக் காட்டி, வேலி போட்டுச் சமாளித்திருக்கக்கூடிய ஆம்ஸ்டர்டாம் மாட்டையும் அதே பட்டியலில் சேர்க்கிறார்களே, அங்கேதான் சண்டை.

சும்மா வேண்டாம் வேண்டாம்னா போதுமா? வேற வழி சொல்லுங்க.

நம் ஊர்க் காட்டு வல்லூறையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் காட்டில் தெரிந்தவை நாலே நாலு. முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து விட்டு, கூடு கட்டப் பெட்டி மாட்டி, தீனி வைத்து, கூட்டைச் சுற்றி மட்டும் கீரியையும் எலியையும் பொறிவைத்துப் பிடித்து, பல நூறாக்கினார்கள். மொரீஷியஸ் பெருந்தீவில் எலி, பூனை, குரங்கு, கீரி எதையும் பூண்டோடு ஒழிக்கவில்லை, ஒழிக்கவும் முடியாது. (அந்தக் கீரியே 1900 வாக்கில் எலியைப் பிடிக்க என்று கொண்டுவந்ததுதான்.) கூட்டைச் சுற்றிப் பிடித்ததும் கொலைதானே என்றால், ஆமாம். ஆனால் அளவுள்ள கொலை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

பெரிய விலங்குக்கு வேலி, இடம் மாற்றம். தீவு சின்னதென்றால் உயிரோடு பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக எதுவும் இறங்காமல் காவல். அதற்குப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை, ஹெலிகாப்டருக்கு என்றால் தருகிறார்கள்.

நாய்க்குச் செய்யற மாதிரி கருத்தடை பண்ணிடலாமே?

சின்ன மந்தைக்கு முடியும். ஐம்பது ஆடு, நூறு பூனை என்றால் பொறுமையிருந்தால் நடக்கும். ஒரு தீவு முழுக்க எலிக்கு இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. நாங்கள் தெருவில் ஆறு பூனைக்குக் கருத்தடை செய்யவே இரண்டு வருஷம் ஆனது. ஆறாவது பூனை இரண்டு தடவை கூண்டை உடைத்துக்கொண்டு போனது.

மூஞ்சூறு பிள்ளையார் வாகனம், அதனாலதானே அதுக்காகப் பேசறீங்க?

இல்லை. மூஞ்சூறு விஷயத்தில் நான் ரொம்பக் கறாரானவள். ஆசியாவிலிருந்து வந்த நம்முடைய அதே நாற்றம் பிடித்த மூஞ்சூறுதான் இங்கேயும். இல் ஓ எக்ரெத்தில் 1999-ல் அதை ஒழிக்கப் பார்த்துத் தோற்றார்கள். 2010-ல் அது எப்படியோ இல் பிளாட்டில் இறங்கிவிட்டது. அங்கே ஆரஞ்சு வால் அரணை என்று ஒன்று உண்டு. ஓரிரு வருஷத்தில் அந்தத் தீவில் அது துடைத்தெறியப்பட்டது. முன்னாலேயே சிலவற்றைப் பிடித்து ஜெர்சி விலங்குப் பூங்கா போன்ற வேறு இடங்களுக்கு அனுப்பியதால்தான் இனம் மிஞ்சியது.

மேலே சொன்னேனே, இல் பிளாட்டில் எலி, பூனை எல்லாவற்றையும் கொன்று சுத்தம் செய்தார்கள் என்று? அதே தீவு. கொன்ற கை, கதவைப் பூட்ட மறந்தால் இதுதான் கதி.

அக்கா, நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே? "வெளியிலேர்ந்து வந்தது போகணும்"னா நாளைக்கு நம்மளையும் சொல்வாங்க.

கூட்டத்தில் கைதட்டல் வாங்குகிற வரி இது, தெரியும். ஆனால் எனக்குப் பிடிக்காது. இல் பிளாட்டும் பக்கத்து கேப்ரியல் தீவும் 1850-களில் கூலிக் கப்பல்களைத் தடுத்து வைத்த இடங்கள். காலராவில் செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு அவர்களை எலிக்கு உவமை சொல்ல எனக்கு மனம் வராது. மனிதனை விலங்கு என்று சொல்லித்தான் அந்தக் கொடுமையெல்லாம் நடந்தது. விலங்குக்கு நியாயம் கேட்க விலங்கின் வலியே போதும், நம் பாட்டன்மாரை இழுக்க வேண்டாம்.

கோயில்ல கிடா வெட்டறோம், பிரியாணி சாப்பிடறோம். தீவுல ஆட்டைச் சுட்டா மட்டும் பாவமா?

நல்ல அடி. நானும் சைவமில்லை, காவடி விரத நாட்கள் போக மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் நான் கொல்லாமை பேசவில்லை. கிடாவை வெட்டுகிறவன் ஆட்டினம் இல்லாமல் போக வேண்டும் என்று வெட்டுவதில்லை. வெட்டுவது தான்தான் என்பதையும் அவன் மறைப்பதில்லை. எனக்கு முக்கியம் அந்த இரண்டாவதுதான்.

விஷத் தீனி தூவின தீவுல மத்த உயிருக்கு என்ன ஆகும்? மீன் சாப்பிடலாமா?

புரோடிஃபகூம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் கடலே விஷமாகிவிடும் என்பது மிகை. ஆனால் தின்ற விலங்கின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். செத்த எலியைத் தின்ற பறவைக்கும் போகும். மக்குவாரியில் குறிவைக்காத பறவைகள் 2,000-த்துக்கு மேல் செத்தன. கஃப்பில் இதற்குப் பயந்தே அந்தத் தீவின் சொந்தப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டுத் தூவினார்கள். விஷம் தூவிய கரையில் கொஞ்ச காலம் மீன் பிடிக்காமலிருப்பது நல்லது, அவ்வளவுதான்.

அரசாங்கம் சொந்த மண்ணின் உயிர்களைக் காப்பாத்தத்தானே இதையெல்லாம் செய்யுது?

அப்படியானால் வௌவாலை ஏன் சுட்டார்கள்? மொரீஷியஸ் பழவௌவால் இந்த மண்ணுக்கே உரியது, இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. லிச்சியும் மாங்காயும் தின்கிறது என்று 2015-ல் மட்டும் 30,000-க்கு மேல் கொன்றார்கள், 2016-லும் 2018-லும் திரும்ப ஆரம்பித்தார்கள். வலை போட்டு மரத்தைக் காக்கலாம் என்று சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை. வௌவாலுக்காக அன்று குரல் கொடுத்ததில் இயற்கைப் பாதுகாப்புக்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள், அதற்கு நன்றி சொல்கிறேன். "கொல்வது கடைசி வழி" என்று அவர்கள் அன்று சொன்ன அதே வார்த்தையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கேட்கிறேன்.

சரி, நீங்க எப்போ ஒத்துக்குவீங்க?

வேலி, இடமாற்றம், காவல் எல்லாம் உண்மையிலேயே முயன்று பார்த்த கணக்கு வேண்டும். அழியப் போகிற இனம் எது, எத்தனை மிச்சம் என்று பெயர் சொல்ல வேண்டும், "சூழல் மேம்பாடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கிடையாது. எப்படிச் சாகும், எத்தனை நாள் ஆகும் என்பதை எழுதிவைக்க வேண்டும். அடுத்து எது பெருகும் என்று யோசித்திருக்க வேண்டும். திரும்ப எதுவும் இறங்காமல் பார்க்க இருபது வருஷத்துக்கு ஆளும் பணமும் வேண்டும். ரவுண்ட் தீவு முயல்கள் இந்தச் சல்லடையில் ஒருவேளை தேறியிருக்கும். ஆம்ஸ்டர்டாம் மாடு தேறியிருக்காது.

ஞாயித்துக்கிழமை இல் பிளாட் போறோம். நாங்க என்ன செய்யணும்?

பைகளைக் கரையிலேயே, படகில் ஏறுமுன், முழுக்கக் கொட்டி உதறுங்கள். ரொட்டிப் பை, பாய், ஐஸ் பெட்டி, குழந்தையின் பொம்மைப் பை எல்லாம். செருப்பு அடியில் விதை ஒட்டியிருந்தால் துடையுங்கள். மிச்சச் சோற்றை அங்கே போடாதீர்கள். போன தடவை எங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் ரொட்டிப் பையைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்து ஜெட்டிப் பலகைக்கு அடியில் ஓடியது. படகுக்காரர் முணுமுணுத்தார், ஆனாலும் மற்ற பதினொரு பைகளையும் கொட்டிப் பார்க்கும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை.